ஏரிக்கரை உணவகமும் எயிற்பட்டினத் தேறலும்

ஓர் இனத்தின் அடிமை நிலையை அளந்தறிய விரும்புவார் அதன் ஆட்சிமன்ற வாயில்களில் காத்துக் கிடக்க வேண்டுவதில்லை. அவ்வினத்தார் உண்ணும் இடத்திற்குச் சென்று, அங்கு அவர்தம் கைகளில் கொடுக்கப்பெறும் பட்டியலை வாங்கிப் பார்த்தால் போதும். தன் கடலில் தன் கையாற் பிடித்த மீனைத் தன் மொழியாற் கேட்டு வாங்க முடியாத மாந்தன் எத்துணை விடுதலை பெற்றவன் என்பதை அப்பட்டியல் ஒளிவின்றிக் கூறிவிடும்.

இவ்வெண்ணம் நமக்கு எழுந்த சூழ்நிலையை முதற்கண் கூறல் வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பணி செய்யும் அன்பர் ஒருவர், நம் இதழின் நெடுநாள் வாசகர், சென்ற திங்கள் நம்மைக் காண வந்தார். அவர் பணி செய்யும் தொழிலகத்தில் மேற்பொறுப்பிலிருந்த ஒருவர் ஓய்வு பெற்றதை முன்னிட்டு, மேற்குப் புறநகரில் ஏரிக்கரையையொட்டி அமைந்த கடல்மீன் உணவகம் ஒன்றில் விருந்து நடந்துள்ளது. பணியாளர் சிலரையும் அழைத்துச் சென்றுள்ளனர். அமர்ந்தவுடன் தோலட்டையிட்ட இரு பட்டியல்கள் ஒவ்வொருவர் கையிலும் தரப்பெற்றன. ஒன்று மீனுக்கு, மற்றொன்று குடிப்பிற்கு. இரண்டிலும் ஒரு தமிழெழுத்தும் இல்லை. நம் அன்பர் ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்தாம். ஆயினும் அப்பட்டியலிலிருந்த பெயர்கள் ஆங்கிலமும் அல்ல. பிரஞ்சும் இத்தாலியமும் கலந்தவை. அவர் தலைநிமிர்ந்து, "எனக்குக் குடிக்கும் பழக்கம் இல்லை, தண்ணீர் போதும்" என்றாராம். பரிமாறிய இளைஞனும் தமிழனே. அவன் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து மெல்ல நகைத்தானாம்.

"குடிக்காததற்கு நான் வருந்தவில்லை ஐயா, ஆனால் நான் எதைக் குடிக்க மறுத்தேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லையே, அதுதான் என்னை உறுத்துகிறது" என்று கூறி, கைப்பேசியில் படம் பிடித்து வந்திருந்த அவ்விரு பட்டியல்களையும் நம்முன் வைத்தார். "நீங்கள் நடுவராயிருந்து இதற்குத் தீர்ப்புக் கூறுங்கள்" என்றும் கேட்டுக்கொண்டார்.

குடியாதவன் குடிப்புப் பட்டியலுக்கு நடுவனாகலாமா என்று சிலர் வினவலாம். திருடாதவன்தானே திருட்டு வழக்கிற்குத் தீர்ப்புக் கூறல் வேண்டும்! எனவே, அன்பர் கேட்டவாறே தீர்ப்புரைக்க முன்வருகின்றோம். எவ்வழக்கையும் இருபுறமும் கேட்டே தீர்த்தல் முறையாதலின், அவ்வுணவகத்தார் தரப்பில் கூறக்கூடியவற்றையும் நாமே எடுத்துக் கூறி ஆராய்வோம். உணவகத்தின் பெயர் நமக்கு வேண்டுவதில்லை. அக்குற்றம் ஓர் உணவகத்தின் குற்றமன்று; தமிழகமெங்கும் பரவியுள்ள நோய் அது.

முதலில் மீன் பட்டியலைப் பார்ப்போம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் கடல் இல்லை, ஏரிகளே உள்ளன. அங்குள்ள உணவகங்களுக்குக் கடல்மீன் காசிமேட்டிலிருந்தும், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலுள்ள வானகரம் மொத்தச் சந்தையிலிருந்தும் வருகின்றது. விடியற்காலையில் அச்சந்தைக்குச் சென்று காதைத் தீட்டிக் கேளுங்கள். வஞ்சிரம், வௌவால், சங்கரா, கிழங்கான், கொடுவா, சீலா, பாறை, நெத்திலி, கானாங்கெளுத்தி, கடம்பா, இறால் என்று எத்துணைப் பெயர்கள்! ஒவ்வொன்றும் கடலில் வாழ்ந்தவன் கண்டு வைத்த பெயர். காலை ஆறு மணிக்குத் தமிழிலே விலை பேசி வாங்கப்பெற்ற அதே மீன், உணவகத்தின் அடுக்களை வாயிலைக் கடந்தவுடன் அயலான் ஆகிவிடுகின்றது. வஞ்சிரம் 'சீர்' ஆகின்றது. வௌவால் 'பாம்பிரட்' ஆகின்றது. கிழங்கான் 'லேடி' ஆகிப் பெண்பால் பெறுகின்றது. கொடுவா 'பாரமுண்டி' என்னும் ஆத்திரேலியப் பழங்குடியினர் வழிவந்த பெயரைச் சூடிக்கொள்கின்றது. கடம்பா 'கலமாரி' என்று இத்தாலிய வேடம் புனைகின்றது. வியட்நாமிலிருந்து உறைபனியில் வரும் வளர்ப்புக் கெளுத்தியும், நார்வேயிலிருந்து வரும் சால்மனும் அப்பட்டியலில் உண்டு. ஆனால், பலகணி வழியே தெரியும் அந்த ஏரியில் வாழும் விராலும் கெண்டையும் கெளுத்தியும் அதில் இல்லை! பூவிருந்தவல்லி என்னும் இனிய பெயரைப் 'பூனமல்லி' என்று சிதைத்த அதே வாய்தான் வஞ்சிரத்தையும் சிதைத்தது.

இங்கு நம்மையும் நாம் ஒறுத்துக்கொள்ளல் வேண்டும். நம் இதழ் அலுவலகத்தில் அன்றிருந்தோர் எழுவர். கிழங்கானையும் கொடுவாவையும் படத்தைப் பார்த்துப் பிரித்தறிந்தோர் இருவரே. புதுச்சொல் படைப்பதில் நாம் காட்டும் ஊக்கத்தில் பாதியையேனும் மீனவர் நாவிலிருக்கும் பழஞ்சொல்லைக் கேட்டறிவதில் காட்டியிருந்தால், இந்நிலைக்கு வந்திருப்போமா? படைத்த சொல்லைப் பரப்புவதைவிட, இருக்கும் சொல்லை இழவாமை எளிது.

இனிக் குடிப்புப் பட்டியலுக்கு வருவோம். அதில் கொடிமுந்திரிச் சாற்றைப் புளிக்க வைத்து ஆக்கப்பெறும் வகைகள், அதாவது மக்கள் 'ஒயின்' என்று கூறுபவை, நாற்பதுக்கு மேல் உள்ளன. பிரான்சு, இத்தாலி, ஆத்திரேலியா, சிலி ஆகிய நாடுகளின் குப்பிகளும், மராட்டியத்து நாசிக்கிலும் கருநாடகத்து நந்திமலைப் பகுதியிலும் ஆக்கப்பெறும் குப்பிகளும் அடங்கும். உணவகத்தார் கூறக்கூடிய விடை இதுவாகத்தான் இருக்கும்: "பொருளே அயல்நாட்டது, பெயரும் அயல்நாட்டதாகத்தானே இருக்கும்? இதைத் தமிழில் எப்படி எழுதுவது? தமிழனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?"

தொடர்பைக் கூறுகின்றோம், கேளுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் அறியப்பெறாத கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய எரித்திரேயக் கடற்செலவு என்னும் நூல், மேலைக் கப்பல்கள் எந்தெந்தத் துறைக்கு என்னென்ன கொண்டு சென்றன என்பதை வகைப்படுத்திக் கூறுகின்றது. வடக்கே பாருகச்சத் துறைக்கு இத்தாலியத் தேறல் முதன்மையாகவும், இலாவோதிக்கேயா, அரேபியா ஆகிய இடத்துத் தேறல் அடுத்தும் கொண்டுசெல்லப் பெற்றன என்றும், சேரர் முசிறிக்கும் தேறல் வந்தது, ஆயினும் மிகுதியாக அன்று என்றும் அந்நூல் குறிக்கின்றது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழ்வாய்வில், நடுநிலக் கடற்பகுதியிலிருந்து தேறல் நிரப்பி வந்த இருகாதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கோசுத் தீவின் சாடிகளும், இத்தாலியின் கம்பானியாச் சாடிகளும் அவற்றுள் உண்டென்று பின்னர் ஆய்ந்தோர் கண்டனர். 2007 முதல் சேர நாட்டுப் பட்டணத்தில் நடந்த அகழ்வாய்விலும் அத்தகைய உடைசல்கள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. மண்ணுக்குள் கிடந்த சான்று இது.

நூலுக்குள் கிடக்கும் சான்று இன்னும் இனியது. பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலை வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர மன்னன் மகிழ்ந்திருக்கும் காட்சி வருகின்றது. நக்கீரர் அதற்கு யவனச் சொல்லைத் தேடி அலையவில்லை. பொருள் யவனனுடையது, கலம் யவனனுடையது, பெயர் மட்டும் தமிழனுடையது. அயல்நாட்டுப் பொருளை வாங்குதல் இழிவன்று. வணிகம் செய்த இனம் நாம். எல்லாத் திசைப் பொருளையும் வாங்கினோம். நம் மிளகையும் முத்தையும் விற்றோம். ஆனால் வாங்கிய பொருளுக்கு நம் வாயால் பெயரிட்டு வாங்கினோம். விற்றவனுக்கு விலையைக் கொடுத்தோம்; நாவைக் கொடுக்கவில்லை.

அப்பழம் பெயர்களை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகின்றது. பிழி என்றொரு பெயர், பிழிந்தெடுப்பதால் பிழி. அரியல் என்றொரு பெயர். அரித்து வடிப்பதால் அரியல். தேறல் என்றொரு பெயர். தெளிந்து தேறுவதால் தேறல். பிழிதல், அரித்தல், தெளிவித்தல் என்னும் இம்மூன்றும் இன்றும் மேலை நாட்டுத் தேறற்கூடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும் மூன்று வினைகள் அல்லவா? நெல்லிலிருந்து இல்லத்தில் ஆக்கியதற்குத் தோப்பி என்று பெயர். மூங்கிற் குழாயில் இட்டு நெடுநாள் முதிர வைத்த தேன்தேறலையும், மண்ணிற் புதைத்து முதிர வைத்ததையும் கழக இலக்கியங்கள் கூறுகின்றன. இன்று ஓக்கு மரப் பீப்பாயில் முதிர்ந்தது என்று பட்டியலில் பெருமையாக அச்சிட்டிருக்கின்றார்களே, அந்த முதிர்வறிவு குறிஞ்சி நிலத்தானுக்கு மூங்கிலில் இருந்தது. தமிழ்ப் பெயர் ஆக்கும் முறையைச் சொல்லியது. இன்றைய பட்டியல் விற்பவன் முத்திரையை மட்டுமே சொல்கின்றது. அந்தப் பழத்திற்கேகூட நமக்குக் கொடிமுந்திரி, முந்திரிகை என்னும் சொற்கள் உண்டு. ஈழத் தமிழர் முந்திரிகை என்னும் சொல்லை இன்னும் இழவாமல் காக்கின்றனர். நாம்தாம் திராட்சை என்னும் வடசொல்லைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டோம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்க் கொடிமுந்திரிக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும், அப்பழம் வடசொற் பெயரோடுதான் பதிவேறியது.

நீர்க்கரையில் அமர்ந்து மீனும் தேறலும் கொள்ளுதலும் இவ்வுணவகத்தார் மேலைநாட்டிலிருந்து கொண்டுவந்த புதுமையன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன்மேற் பாடினார். அதில், எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர்க்குப் பாணர் சென்றால், நுளையர் மகள் அரித்தெடுத்த முதிர்ந்த தேறலைப் பரதவர் பருகத் தருவர் என்றும், சுட்ட குழல்மீனை வீடுதோறும் பெறலாம் என்றும் புலவர் கூறுகின்றார். கடற்கரை, சுட்ட மீன், தெளிந்த தேறல். இவை மூன்றும் ஒருங்கே அமைந்த விருந்து. பட்டியல் இல்லை, விலை இல்லை, வந்தவன் வறிய பாணன் என்று நகைத்தவரும் இல்லை. வந்தவன் எவனாயினும் அவன் மொழியில் அவனை வரவேற்ற அந்த நுளைமகளின் பண்பாடு எங்கே? தண்ணீர் கேட்ட தொழிலாளியைப் பார்த்து நகைக்கப் பழக்கிய இந்தப் பண்பாடு எங்கே?

மொழியை ஒருபுறம் ஒதுக்கி வைத்து, குடிப்புப் பட்டியல் என்னும் அளவிலேயே இது தேறுமா என்றும் பார்ப்போம். பட்டியலின் பணி யாது? எந்த உணவோடு எது ஒக்கும் என்று உண்பவனுக்கு வழிகாட்டுவதன்றோ? மீனோடு செந்தேறலைப் பருகினால் வாயில் ஒருவகைப் புலால் நாற்றம் தங்குவதுண்டு. அதற்குக் கரணியம் செந்தேறலில் கூடுதலாக உள்ள இரும்புக்கூறு என்று சப்பானிய ஆய்வாளர்கள் 2009 இல் வெளியிட்டனர். துவர்ப்பு மிக்க தேறல் மிளகாயின் எரிவை மேலும் கூட்டும் என்பதும், புளிக்குழம்பின் முன் மெல்லிய தேறலின் சுவை மழுங்கிவிடும் என்பதும் இத்துறை அறிந்தோர் கூறுவன. ஆனால், மிளகாயும் புளியும் இட்டுச் சமைத்த மீனை விற்கும் இவ்வுணவகத்தின் பட்டியலில் பாதிக்குமேல் துவர்ப்பு மிக்க செந்தேறல்! எது எதற்கு ஒக்கும் என்று ஒரு வரி இல்லை. விலை குறைந்தது மேலே, விலை மிகுந்தது கீழே, அவ்வளவுதான் வரிசை. எனவே அது தேறற் பட்டியலும் அன்று, விலைப்பட்டியலே. சுவையை அறியாதவன் தன் அறியாமையை மறைக்க விலையைக் கேடயமாக ஏந்துகின்றான்; மொழியை இழந்தவன் தன் இழப்பை மறைக்க அயற்பெயரைக் கேடயமாக ஏந்துகின்றான். இரண்டும் ஒரே கேடயந்தான்.

இவ்வளவும் கூறியதால் நாம் குடியைப் பரிந்துரைப்பதாக எவரும் கொள்ளற்க. தமிழிற் பெயரிட்ட நஞ்சு அமுதாகிவிடாது. தேறலைப் பாடிய அதே இனத்தில் பிறந்த திருவள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென ஓரதிகாரமே வகுத்துப் பத்துக் குறட்பாக்களால் அதனை இடித்துரைத்தார். புலவர் பாடினர் என்பது வரலாறு. வள்ளுவர் விலக்கினார் என்பது நெறி. வரலாற்றை அறிந்து, நெறியைக் கைக்கொள்வதே நம் நிலை. ஆயினும், விலக்கத் தக்கதையும் அதன் பெயர் சொல்லித்தான் விலக்க முடியும். பெயர் தெரியாத ஒன்றை விலக்குதல் எங்ஙனம்? நம் அன்பரின் உறுத்தல் அதுவே.

பெயரை மறைத்தே பெருங்கேடு விளைத்தது நம் நாட்டு அரசியல். 1937 இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948 இல் மாநிலம் முழுதும் பரவிய மதுவிலக்கு, 1971 இல் தளர்த்தப்பெற்று, 1974 இல் மீண்டும் வந்து, 1981 இல் மீண்டும் தளர்ந்தது. 1983 இல் அரசே மொத்த விற்பனைக்கென டாசுமாக்கு நிறுவனத்தைத் தொடங்கியது. 2003 இல் சில்லறைக் கடையையும் தானே திறந்து அமர்ந்தது. இடையில், 1987 இலிருந்து பனங்கள்ளும் தென்னங்கள்ளும் இறக்கி விற்பது தமிழகத்தில் தடைசெய்யப்பெற்றது. அண்டையிலுள்ள கேரளத்திலும் புதுச்சேரியிலும் அத்தடை இல்லை. கள்ளுக்கு வழக்காட நாம் வரவில்லை. ஆனால் முறை ஒன்றுதானே இருத்தல் வேண்டும்? தமிழன் மரத்தில் தமிழன் இறக்கித் தமிழ்ப் பெயரால் விற்றால் குற்றம். கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தில் வண்ணமும் மணமும் கலந்து, அயற்பெயரிட்டு விற்றால் அரசுக்கு வருவாய்! அதற்கு அரசேட்டில் உள்ள பெயரைப் பாருங்கள்: இந்தியாவில் ஆக்கப்பெற்ற அயல்நாட்டு மது. உள்நாட்டில் ஆக்கியது எப்படி அயல்நாட்டது ஆகும் என்று கேட்பாரில்லை. அப்பொய்ப் பெயரின் நிழலில் 2023-24 ஆம் ஆண்டில் மட்டும் அரசுக்கு வந்த வருவாய் ஏறத்தாழ 45,855 கோடி உருபா. அதே குப்பியின்மேல் குடி கேடு பயக்கும் என்னும் எச்சரிக்கை மட்டும் நல்ல தமிழில் அச்சாகியிருக்கும். விற்பதற்கு ஆங்கிலம், விற்றபின் கைகழுவுவதற்குத் தமிழ்!

இப்பொழுது நாம் கூறப்போவது நெஞ்சைச் சுடும் செய்தி. சிறுபாணாற்றுப்படை பாடிய எயிற்பட்டினம், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை ஒட்டிய கடற்கரை என ஆய்வாளர் பலர் கருதுவர். அந்த மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரில், 2023 மே திங்களில், சாராயம் என்று நம்பிப் பருகியவர்களுள் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் பருகியது சாராயமன்று. மெத்தனால் கலந்த நச்சுநீர். மெத்தனால் தொழிலகங்களுக்குரிய கரைப்பான். உடலுக்குள் சென்றதும் அது பார்வை நரம்பைக் கருக்கி, குருதியைப் புளிக்கச் செய்து, உயிரைக் குடிப்பது. நுளைமகள் தெளிவித்த தேறலை வந்தவர்க்கெல்லாம் ஊட்டிய அதே கரையில், பரதவர் வழிவந்தோர் நஞ்சருந்தி மடிந்தனர். அந்த நஞ்சு எங்கிருந்து சென்றது? சென்னையின் மேற்குப் புறநகராகிய வானகரத்து வேதியல் தொழிலகம் ஒன்றிலிருந்து வாங்கிச் செல்லப்பெற்றது என்று காவல்துறை அன்று கூறியது. எந்த வானகரம்? கடலோரத்து மீன் வந்து குவியும் அதே வானகரம்! அங்கிருந்து மீன் வந்தது. இங்கிருந்து சாவு சென்றது. ஓராண்டிற்குள் பாடம் கற்றோமா? 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் அதே மெத்தனால் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாண்டோர் பெரும்பாலோர் அன்றாடங் கூலிகள்.

ஏரிக்கரை உணவகத்துத் தோலட்டைப் பட்டியலுக்கும் எக்கியார்குப்பத்து நெகிழிப் பைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இரண்டிலும் தமிழன் தான் பருகுவது இன்னதென்று அறியாமல் பருகுகின்றான். பணமுள்ளவன் அறியாமல் பருகினால் பெருமை என்று எண்ணிக்கொள்கின்றான். பணமற்றவன் அறியாமல் பருகினால் பிணமாகின்றான். பெயரும் பொருளும் பிரிந்து நிற்கும் இடைவெளியில்தான் ஏமாற்று நுழைகின்றது. ஏமாற்று நுழைந்த வழியே நஞ்சும் நுழைகின்றது. எனவேதான் சொல்லைத் தூய்மையாகக் காக்க வேண்டும் என்று நாம் ஓயாது கூறுகின்றோம். அதைப் புலவர்தம் பொழுதுபோக்கென்று இகழ்வோர், வானகரத்திலிருந்து மரக்காணத்திற்குச் செல்லும் சாலையை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இனித் தீர்ப்பு. மீன்பட்டியல் தன் மீனையே அறியாதது. குடிப்புப் பட்டியல் தன் குடிப்பையே அறியாதது. இரண்டும் தம்முன் அமர்ந்தவனை மதியாதவை. ஆதலின் இரண்டும் தேறவில்லை. விலையைத் தெளிவாக அச்சிட்டிருப்பது ஒன்றே அவற்றின் நேர்மை. பரிமாறிய இளைஞனை நாம் குற்றவாளியாக்கவில்லை. அவனுக்கு அப்பெயர்களை மனப்பாடம் செய்வித்தவர்கள், அவன் பாட்டன் நாவிலிருந்த பெயர்களை மறக்கச் செய்தவர்கள், அவர்களே குற்றவாளிகள். அவர்கள் வரிசையில், பிள்ளைகளுக்கு மீன்பெயரை ஆங்கிலத்திற் சொல்லிக் கொடுக்கும் தமிழ்ப் பெற்றோரும் நிற்கின்றனர்.

தீர்ப்போடு நில்லாமல் செய்யத்தக்கவற்றையும் கூறுகின்றோம்.

ஒன்று: கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருத்தல் வேண்டும் என்று தமிழகத்தில் சட்டநெறி உண்டு. அந்நெறி பலகையோடு நின்றுவிடாமல் உணவகப் பட்டியலுக்கும் நீளுதல் வேண்டும். வாயிலில் தமிழைத் தொங்கவிட்டு உள்ளே அதனை வெளியேற்றுதல் என்ன முறை?

இரண்டு: மீன்பெயர்கள் கடற்கரை மக்கள் வழங்கும் தமிழ்ப்பெயர்களாகவே பட்டியலில் இடம்பெறல் வேண்டும். அயலவர்க்குப் புரிய வேண்டுமாயின் அவர் மொழிப் பெயரைக் கீழே சிறிதாக எழுதிக்கொள்ளட்டும். ஊர்க்கு ஊர் பெயர் வேறுபடுமாயின் அந்தந்த ஊர்ப்பெயரே அழகு.

மூன்று: குடிப்புப் பட்டியலின் முதற்பக்கத்தில் இளநீரும் பதநீரும் நீர்மோரும் நன்னாரிச் சாறும் இடம்பெறட்டும். பனை நம் மாநில மரம். அதன் பதநீருக்கு எந்தத் தடையும் இல்லை. காரமும் புளியும் ஏறிய மீனுக்குப் பின் நாவைக் குளிர்விக்க இவற்றினும் சிறந்தவை எவை?

நான்கு: அரசு, வெறியக் குப்பிகளில் எச்சரிக்கையை மட்டுமன்று, உள்ளிருப்பது இன்னது, எதனின்று ஆக்கியது, எவ்வளவு வெறியம் உடையது என்னும் அனைத்தையும் தமிழில் அச்சிடச் செய்தல் வேண்டும். படிப்படியாக அக்கடைகளையே மூடுதல் வேண்டும். மெத்தனால் போன்ற நச்சுக் கரைப்பான்கள் தொழிலக வாயிலைக் கடக்கும்போது ஒவ்வொரு துளிக்கும் கணக்குக் கேட்டல் வேண்டும். அக்கணக்கைக் கேளாத அரசு, இறந்தோர்க்குப் பணம் கொடுத்துக் கணக்கு முடித்தல் அறமாகாது.

ஐந்து: இது நமக்கு. உணர்வுள்ள தமிழன்பர்களே! அடுத்தமுறை எந்த உணவகத்திற்குச் சென்றாலும், பட்டியலைப் பார்த்துத் தலைகுனியாதீர்; அதனை மூடி வைத்துவிட்டு, "தம்பி, இன்று என்ன மீன் வந்திருக்கின்றது?" என்று தமிழிற் கேளுங்கள். அவன் ஆங்கிலப் பெயர் கூறினால் சினவாதீர், "வஞ்சிரமா, கொடுவாவா?" என்று மீண்டும் கேளுங்கள். அவனுக்குத் தெரியாவிடில் அடுக்களையிற் சென்று கேட்டு வரட்டும். அடுக்களையில் மீனை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மைக்கு அது கட்டாயம் தெரிந்திருக்கும். பத்துப்பேர் அவ்வாறு கேட்டால் பரிமாறுவோன் கற்றுக்கொள்வான். நூறுபேர் கேட்டால் உரிமையாளன் பட்டியலை மாற்றி அச்சிடுவான்.

நம் கடைசற் பணியாள அன்பரிடம் இத்தீர்ப்பைப் படித்துக் காட்டினோம். இறுதிவரை கேட்டுவிட்டு, "அன்று தண்ணீர் கேட்டேனே ஐயா, அதையும் அந்தத் தம்பி ஆங்கிலத்தில்தான் திருப்பிக் கேட்டான், ஆனால் நான் தண்ணீர் என்றே மறுபடியும் சொன்னேன்" என்றார்.

அவர் சொன்ன அந்தச் சொல்தான் அவ்வேரிக்கரையில் அன்று ஒலித்த தூய்மையான சொல். அந்நெஞ்சுரம் நம் எல்லார்க்கும் வேண்டும்.